வேரை வெட்டினால் வெள்ளம் வடியுமா?

மழை பெய்து சாலையில் தண்ணீர் நின்றால் நம்முடைய நகராட்சிகளுக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டுதான். ஒன்று தூர்வாருவது. இன்னொன்று, நீர்வழியில் வளர்ந்த புதர்களை அகற்றுவது. பொக்லைன் வரும், போட்டோ எடுப்பார்கள், மறுநாள் செய்தித்தாளில் 'போர்க்கால அடிப்படையில்' என்ற சொல் வரும். எந்தப் புதர், எத்தனை வருஷமாக அங்கே நிற்கிறது, அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. புதர் என்று பெயர் வைத்துவிட்டால் எதையும் வெட்டலாம்.

அப்படிப் பெயர் மாற்றப்பட்டு கத்திக்குக் காத்திருப்பவற்றில் அலையாத்திக் காடுகளும் உண்டு. நகரத்தை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற அலையாத்தியை வெட்ட வேண்டும் என்கிறார்கள். குடையில் ஓட்டை போட்டால் தண்ணீர் தலையில் தேங்காது என்பது மாதிரியான வாதம் இது. ஆனால் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, வரைபடம், மதிப்பீடு, அறிக்கை சகிதமாக வருகிறது. அதனால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

"கடலே இல்லாத கோயமுத்தூர்ல உக்காந்துகிட்டு இவனுக்கு எதுக்குங்க இந்தப் பஞ்சாயத்து?" என்று நம்மூர்க்காரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் பின்னால் வருகிறது. இப்போதைக்கு ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். அந்த வாதத்தின் மூலப்பிரதி நவி மும்பையில் இருக்கிறது. நகல் நம் நொய்யல் கரையில் இருக்கிறது.

தேக்கக் குளங்களின் கதை

பம்பாயின் நெரிசலைக் குறைக்க ஒரு புதிய நகரம் வேண்டும் என்று 1970-ல் சிட்கோ என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. அது எழுப்பிய நகரம்தான் நவி மும்பை. தானே கழியின் கிழக்குக் கரையில், சதுப்பிலும் உப்பளத்திலும் வயலிலும் மண்ணைக் கொட்டிக் கட்டிய ஊர். அதன் பல பகுதிகள் கடல் ஏறும் நேரத்து நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்தவை.

இப்படிப்பட்ட ஊரில் மழையும் கடலேற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் மழைநீர் எங்கே போகும்? அதற்காக டச்சுக்காரர்களின் முறையைப் பார்த்துத் தேக்கக் குளங்கள் அமைத்தார்கள். கழியின் ஓரத்தில் குளம். குளத்துக்கும் கழிக்கும் நடுவே, ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு. கடல் ஏறும்போது கதவு தானாக மூடிக்கொள்ளும், ஊரின் மழைநீர் குளத்தில் தங்கும். கடல் இறங்கும்போது கதவு திறந்து தண்ணீர் வெளியேறும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். உண்மையிலேயே நல்ல பொறியியல். யார் யோசித்தார்களோ, அவர்களுக்கு ஒரு வணக்கம்.

ஆனால் நல்ல பொறியியலுக்கும் பராமரிப்பு வேண்டும். கதவு சரியாக மூடவில்லை என்றால் கடல் தன் சேற்றோடு உள்ளே வரும். ஊர் பெருகப் பெருக, கட்டுமான மண்ணும் பார்சிக் குன்றுகளில் பல பத்தாண்டுகள் நடந்த கல்குவாரிகளின் மண்ணும் மழையோடு இறங்கி வரும். குளம் தூர்ந்தது. உப்புநீரும் சேறும் சேர்ந்த இடத்தில் அலையாத்தி முளைக்கும், அது அதன் இயல்பு. முளைத்தது, வளர்ந்தது, காடானது. பறவை வந்தது, நண்டு வந்தது.

இப்போது மாநகராட்சி சொல்கிறது: குளத்தில் தண்ணீர் நிற்க இடமில்லை, காரணம் அலையாத்தி, எனவே அகற்ற அனுமதி வேண்டும். சூழலியலாளர்கள் எதிர்க்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் அலையாத்தியைத் தொடுவது அவ்வளவு சுலபமில்லை. 2005 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் மாநிலம் முழுக்க அலையாத்தி அழிப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2018 செப்டம்பரில் வந்த இறுதித் தீர்ப்பு, அலையாத்தியை அழிப்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவது என்றது. அலையாத்தியைச் சுற்றி 50 மீட்டர் தூரத்துக்கு எதுவும் கட்டக்கூடாது, பொதுநலனுக்கு அவசியம் என்று நிரூபித்தால் ஒழிய வெட்டக்கூடாது.

இந்தக் கடைசி வாசலில்தான் வெள்ளத் தடுப்பு வந்து நிற்கிறது. ஓட்டல் கட்டுகிறேன் என்று வந்தால் நீதிபதி கோபப்படுவார். மக்களை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று வந்தால் யார் மறுக்க முடியும்? அதனால்தான் ரியல் எஸ்டேட்காரரின் வாதத்தைவிட இந்த வாதம் எனக்கு ஆபத்தானதாகத் தெரிகிறது.

ஒரு 'என்'னின் கொடுமை

நான் படித்தது சிவில், பார்ப்பது சாப்ட்வேர் வேலை. கொங்கு நாட்டில் என் வயதுக்காரர்களில் பாதிப்பேரின் ஜாதகம் இதுதான். நீரியல் பாடத்தில் எங்களுக்கு மானிங் சமன்பாடு சொல்லித் தந்தார்கள். ஒரு கால்வாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடும் என்று கணக்கிடும் சமன்பாடு. அதில் 'என்' என்றொரு எண் வரும், சொரசொரப்பைக் குறிப்பது. வழவழப்பான கான்கிரீட்டுக்கு அது 0.013 பக்கம். அடர்ந்த மரம் நிற்கும் வெள்ளச் சமவெளிக்கு 0.1, அதற்கும் மேல். 'என்' கூடினால் வேகம் குறையும். எனவே மரம் கெட்டது, கான்கிரீட் நல்லது. பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

அந்தச் சமன்பாட்டில் தப்பில்லை. ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த இடத்திலிருந்து தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் விரட்டலாம்? விரட்டிய தண்ணீர் எங்கே போய் நிற்கும், அங்கே யார் வீடு இருக்கிறது, அந்த நேரம் கடல் ஏறியிருக்குமா இறங்கியிருக்குமா என்ற கேள்விகளுக்கு 'என்'னிடம் பதில் கிடையாது. மேலே நான்கு கிலோமீட்டர் கான்கிரீட் போட்டு வேகத்தைக் கூட்டினால், நான்கு மணி நேரத்தில் வந்து சேர வேண்டிய வெள்ளம் ஒரு மணி நேரத்தில் கீழே வந்து குவியும். தண்ணீரின் அளவு அதேதான். உச்சம்தான் உயர்கிறது. ஊரை மூழ்கடிப்பது இந்த உச்சம்.

எங்கள் தொழிலில் இதை வேறு பெயரில் பார்க்கிறோம். முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பணம் செலுத்தும் கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தி அனுப்பும் ஓர் அடுக்கு இருந்தது. ஆய்வுக்கு வந்த மேலாளர் ஒருவர் அது நேரத்தைத் தின்கிறது என்று தூக்கிவிட்டார். வரைபடத்தில் வேகம் அழகாகக் கூடியது, பாராட்டு மெயிலும் வந்தது. தீபாவளித் தள்ளுபடி இரவில் கோரிக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் டேட்டாபேஸில் போய் விழுந்தன. அது படுத்துவிட்டது. மெதுவாக்குவதற்கென்றே வைக்கப்பட்ட பாகத்தை, மெதுவாக்குகிறது என்ற குற்றத்துக்காக நீக்கினால் வேறென்ன நடக்கும்?

அலையாத்தி, சதுப்பு, கோரை, நாணல் எல்லாம் தண்ணீரை மெதுவாக்குகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றின் வேலையே அதுதான். கடல் பக்கமிருந்து பார்த்தாலும் அதே வேலைதான். 100 மீட்டர் அகல அலையாத்தி, அலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம் வரை குறைக்கும் என்பது பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்ன கணக்கு. புயலில் கடல் பொங்கி வரும்போது ஒரு கிலோமீட்டர் அகலக் காடு நீர்மட்டத்தை 5 முதல் 50 சென்டிமீட்டர் வரை இறக்கும். 50 சென்டிமீட்டர் என்பது கேட்கச் சின்ன எண். தரைத்தளத்தில் குடியிருப்பவரைக் கேளுங்கள், அவருடைய கட்டிலின் உயரம் அது.

மாமாவின் கேள்வி

எதிர்வாதத்தின் பலமான வடிவத்தை எனக்குச் சொன்னவர், பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமா ஒருவர். வெறும் காண்ட்ராக்டர் வாதமாக இதைத் தள்ளிவிட முடியாது என்பதால் அப்படியே தருகிறேன்.

"ஏங்கண்ணு, கொளம் வெட்டுனது தண்ணி நிக்கறதுக்கு. அதுல மரம் நின்னா தண்ணி எங்க நிக்கும்? வூட்டுக்குள்ள தண்ணி பூந்தவன்கிட்ட போயி நீ கொக்கு நாரைக் கதை பேசுவியா?"

"இல்லீங்க மாமா. ஆனா எடத்த அடைச்சது மரமுங்களா, மண்ணுங்களா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரெண்டுந்தான்" என்றார்.

நேர்மையான பதில். அலையாத்தியின் வேர்கள் சேற்றைப் பிடித்து வைக்கும் என்பது உண்மை, அதனால் குளம் தூர்வது கொஞ்சம் வேகப்படும் என்பதும் உண்மை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் மண் வந்தது, பிறகு மரம் வந்தது. ஆழமான நீரில் அலையாத்தி முளைக்காது, சேறு மேடாகி, ஓதம் ஏறி இறங்கும் இடத்தில்தான் வேர் பிடிக்கும். மரம் நிற்கிறது என்றால் குளம் ஏற்கெனவே தூர்ந்துவிட்டது, கதவு ஏற்கெனவே பழுதாகிவிட்டது என்று பொருள். அது காய்ச்சல் காட்டும் தெர்மாமீட்டர். இவர்கள் தெர்மாமீட்டரை உடைக்க டெண்டர் விடுகிறார்கள்.

உடைத்தபின் என்ன ஆகும்? மண் வரும் வழி அடைபடவில்லை, கதவு பழுது பார்க்கப்படவில்லை. சில வருஷத்தில் குளம் மறுபடி மேடாகும். மறுபடி தூர்வார வேண்டும், மறுபடி டெண்டர். தூர்வாருவது எப்படிப்பட்ட தொழில் என்பதற்கு மும்பையே சாட்சி. மித்தி ஆற்றில் தூர்வாரியதில் 65 கோடி ரூபாய் மோசடி என்று 2025-ல் மும்பைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்தது. தண்ணீருக்கு அடியில் எத்தனை லோடு மண் எடுத்தார்கள் என்று யார் இறங்கி எண்ண முடியும்?

மதகு வாயை ஒட்டி நீர் போக வழி திறக்க வேண்டும் என்றால், அதை அளந்து, காட்டி, அந்த அளவுக்கு மட்டும் திறக்கட்டும். அதை நான் எதிர்க்கவில்லை. குளம் முழுக்க மழித்துவிடும் உத்தரவைத்தான் எதிர்க்கிறேன்.

இடத்தை அடைத்தவர்கள்

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. கோவைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். எந்த ஊரும் தாங்காது, சரி. ஆனால் அன்று மித்தி ஆறு எந்த நிலையில் இருந்தது? விமான நிலைய ஓடுபாதைக்காக வளைக்கப்பட்டிருந்தது. அது கடலில் சேருமிடத்தில் இருந்த சதுப்பும் அலையாத்தியும் நிரப்பப்பட்டு, அதன் மேல் பாந்த்ரா குர்லா வளாகம் எழுந்திருந்தது. இன்று நாட்டின் விலையுயர்ந்த அலுவலக நிலங்களில் ஒன்று.

ஆற்றின் வாயை அடைத்தது கண்ணாடிக் கட்டடம். ஆனால் வெள்ளத் தடுப்புத் திட்டம் வரும்போது கண்ணாடிக் கட்டடத்தை யாரும் இடிப்பதில்லை. மிச்சமிருக்கும் அலையாத்தியையும் கரையோரக் குடிசையையும்தான் 'ஆக்கிரமிப்பு' என்கிறார்கள். பட்டா இல்லாதவர்கள் மேல்தான் பொக்லைன் ஏறும். மரத்துக்கும் பட்டா கிடையாது, குடிசைக்கும் கிடையாது.

நம்மிடம் எண்ணூர் இருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம், வட சென்னையின் வெள்ளம் வடியும் வாசல். அனல்மின் நிலையத்தின் சாம்பல், துறைமுக விரிவாக்கம் என்று அதை எல்லாப் பக்கமும் நெரித்தார்கள். 1996-ல் அங்கீகரிக்கப்பட்ட கடலோர மேலாண்மை வரைபடத்தில் இருந்த கழிமுகம், பின்னால் வந்த வரைபடத்தில் காணவே இல்லை என்பதை 2017-ல் சூழலியலாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆற்றையே காகிதத்தில் அழிக்கலாம் என்றால் அலையாத்தி எம்மாத்திரம்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் இந்தக் கழிமுகத்துக்குள் வந்தது. அலையாத்தி வேர்களில் தார் போல அப்பியிருந்த எண்ணெயைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மீனவர்கள் பக்கெட்டில் மொண்டார்கள்.

தெற்கே பள்ளிக்கரணை. பழைய சதுப்பில் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. அந்த மிச்சத்துக்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம் வாங்கிப் பெருமைப்பட்டோம். மீதி ஒன்பது பங்கின் மேல் நின்றுகொண்டுதான் என் தொழிற்காரர்கள் பலர் கோடு எழுதுகிறார்கள். வருஷா வருஷம் நவம்பரில் "ஆபீஸ்ல தண்ணி, வீட்ல இருந்து வேலை" என்று மெசேஜ் வரும்.

ஏற்கெனவே ஒருமுறை வெட்டிப் பார்த்தோம்

அலையாத்தியை மொத்தமாக வெட்டினால் என்ன ஆகும் என்று ஊகிக்கத் தேவையில்லை. பிச்சாவரத்தில் செய்து பார்த்திருக்கிறோம். வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை வனத்துறையே காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, முறைவைத்து முழுக்க வெட்டியது. விறகுக்காகவும் மரத்துக்காகவும். வெட்டினால் மறுபடி வளரும் என்பது திட்டம்.

வளரவில்லை. நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்தது, ஈரம் ஆவியாகி மண் அமுங்கியது. நடுவில் தட்டு மாதிரிப் பள்ளம் விழுந்தது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியே போக வழியில்லாமல் அந்தத் தட்டில் நின்று காய்ந்து, உப்பு ஏறிக்கொண்டே போனது. அலையாத்தியே பிழைக்க முடியாத உப்பு. பல ஆண்டுகள் பழி யார் மேல் விழுந்தது தெரியுமா? மாடு மேய்த்தவர்கள் மேல், சுள்ளி பொறுக்கியவர்கள் மேல். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம்தான் 1990-களில் உண்மையான காரணத்தைக் காட்டி, வனத்துறையோடும் கிராம மக்களோடும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டு வெளியே எடுத்தது. உப்பு இறங்கியது, காடு திரும்பியது. மண்ணைத் தோண்டியதும் பொறியியல்தான். தண்ணீரின் போக்கைக் கேட்டுவிட்டுத் தோண்டிய பொறியியல்.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது கடலூர்க் கரையில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று அடுத்த ஆண்டு 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. தமிழகக் கரையில் நடந்த இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு, கடலிலிருந்து ஊர் எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்பதும் காரணமில்லையா என்ற மறுப்பும் எழுந்தது. மறுப்பு நியாயமானது. அலையாத்தி சாமி இல்லை, எல்லா வெள்ளத்தையும் நிறுத்தாது. நான் சொல்வதெல்லாம், கையில் இருக்கும் தடுப்பை நாமே பெயர்க்க வேண்டாம் என்பதுதான்.

இந்த இடத்தில் அதிகாரிகள் ஒரு சமாதானம் வைத்திருப்பார்கள்: "இங்க வெட்டறதுக்கு ஈடா வேற எடத்துல நட்டுக் குடுப்போம்." மத்திய அரசு 2023-ல் மிஷ்டி என்ற திட்டத்தில் 540 சதுர கிலோமீட்டர் அலையாத்தி வளர்ப்போம் என்று அறிவித்திருக்கிறது. நல்லது, வளர்க்கட்டும். ஆனால் வாஷியின் வெள்ளத்தை வேறொரு மாவட்டத்தின் நாற்று தாங்காது. அலையாத்தி தான் நிற்கும் இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும், டிரான்ஸ்பர் கிடையாது. போதாததற்கு, ஈடாக நடும் நாற்றை எங்கே நடுகிறார்கள்? பெரும்பாலும் வெறும் சேற்றுப்பரப்பில். அது வெறும் இடம் இல்லை. உள்ளானும் கொக்கும் இரை தேடும் நிலம். ஒரு வாழிடத்தை அழித்த பாவத்துக்கு இன்னொரு வாழிடத்தைப் பலி கொடுக்கிறோம்.

2021 இந்திய வன நிலை அறிக்கைப்படி நாட்டில் மொத்தம் 4,992 சதுர கிலோமீட்டர் அலையாத்தி. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள தமிழ்நாட்டில் 45 சதுர கிலோமீட்டர். வெட்டி விளையாட நம்மிடம் என்ன இருக்கிறது?

சரி, கோயமுத்தூருக்கு வருவோம்

நொய்யலை நம்பி ஒரு குளச் சங்கிலி இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் இறங்கும் தண்ணீரைச் சித்திரைச்சாவடி தொடங்கி அணை அணையாக மறித்து, வாய்க்காலில் திருப்பி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர், வெள்ளலூர் என்று ஒன்று நிரம்பி ஒன்றுக்குப் போகும்படி அமைத்தார்கள். கொங்குச் சோழர் காலத்து ஏற்பாடு என்பது வழக்கு. மேலே நான் சொன்ன 'வரிசையில் நிறுத்தி அனுப்பும் அடுக்கு' இதுதான். நவி மும்பைக்கு டச்சுக்காரர்கள் தேவைப்பட்டார்கள், நமக்குத் தேவைப்படவில்லை.

இந்தக் குளங்களின் ஓரத்தில் கடல் அலையாத்தி கிடையாது. கோரையும் நாணலும் சேற்றுத் திட்டும் உண்டு. அலை வந்து கரையை அரிக்காமல் தாங்குவது, வரும் சாக்கடையில் கொஞ்சத்தையாவது வடிகட்டுவது, நாமக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் முட்டை வைக்க இடம் கொடுப்பது என்று அலையாத்தி செய்யும் வேலையை இங்கே அவை செய்கின்றன. ஆகாயத்தாமரையை இதில் சேர்க்காதீர்கள். அது வெளியிலிருந்து வந்து குளத்தையே மூடுவது, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஆகாயத்தாமரையை எடுக்க வந்த இயந்திரம் கோரையையும் சேர்த்துத்தான் வழிக்கிறது.

2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலில் கோவை இடம் பிடித்தது. அந்தப் பணத்தில் குளக்கரைகளில் நடைபாதை, விளக்கு, இரும்பு வேலி, செல்பி எடுக்க எழுத்துகள் எல்லாம் வந்தன. சாயங்காலம் குடும்பத்தோடு போய் உட்கார ஓர் இடம் வேண்டாமா என்றால், வேண்டும். நானும் போகிறேன். ஆனால் குளத்தின் சரிவான மண்கரையும் அதன் புல்லும் இருந்த இடத்தில் கல்லும் கான்கிரீட்டும் போட்டுவிட்டு அதற்குக் 'குளம் புனரமைப்பு' என்று பெயர் வைத்தால், அது முடி வெட்டப் போனவனுக்குக் காதை வெட்டி அனுப்பியது போல.

அம்மன்குளம் என்று ஒரு குளம் இருந்தது. இப்போது பெயரில் மட்டும் குளம். 2010-ல் அங்கே கட்டிக்கொண்டிருந்த அரசுக் குடியிருப்புக் கட்டடம் மண்ணுக்குள் இறங்கியது. வாலாங்குளத்தின் ஊடாகவே சாலை போகிறது. சங்கனூர் பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்புகிறார்கள். 2025 ஜனவரியில் அந்த வேலை நடக்கும்போது கரையோரத்து வீடு ஒன்று அப்படியே சரிந்தது. கொங்குத் தமிழில் ஓடைக்குப் 'பள்ளம்' என்று பேர். மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. பள்ளத்தைச் சுவருக்குள் அடைத்தால் லங்கா கார்னரிலும் அவினாசி ரோடு பாலத்தடியிலும் தேங்கும் தண்ணீர் வடிந்துவிடும் என்று நம்புவதற்கு மானிங் சமன்பாட்டின் மேல் கண்மூடித்தனமான பக்தி வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. காவிரியின் கடைமடையில் முத்துப்பேட்டை அலையாத்தி நிற்கிறது, தமிழ்நாட்டின் ஆகப்பெரியது. அலையாத்தி வெறும் உப்பில் வாழாது, ஆற்றின் நன்னீரும் வண்டலும் வேண்டும். 1934-ல் மேட்டூர் வந்ததிலிருந்து வண்டல் குறைந்தது, பாசனம் பெருகப் பெருகக் கடைமடைக்கு வரும் நன்னீரும் குறைந்தது. நாம் நம் பங்குக்கு என்ன அனுப்பினோம்? திருப்பூரின் சாயத்தை. 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதில் சாயத் தொட்டியானது. தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சிய ஒரே அணை அதுவாகத்தான் இருக்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை இது நடந்தது. பனியன் டாலராக இங்கே வந்தது, கசடு கீழே போனது. எனவே, கடல் இல்லாத ஊர்க்காரனுக்கு அலையாத்தியில் என்ன வேலை என்று கேட்டால், கடன்காரனுக்குக் கடனில் என்ன வேலையோ அதுதான்.

கேட்க வேண்டியவை

புலம்பிவிட்டுப் போவதில் பிரயோஜனமில்லை. நவி மும்பையோ எண்ணூரோ நொய்யலோ, வெள்ளத் தடுப்பு என்று ஒரு கோப்பு வரும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

குளத்தில் சேர்ந்த மண் எங்கிருந்து வந்தது, அந்த வாசலை அடைக்க இந்தத் திட்டத்தில் எவ்வளவு பணம்? கதவும் மதகும் கடைசியாக எப்போது பழுது பார்க்கப்பட்டன? இங்கே வேகமாக ஓடப்போகும் தண்ணீர் கீழே எந்தத் தெருவில் போய் நிற்கும், அந்தத் தெருக்காரர்களிடம் சொன்னீர்களா? வெட்டாமல் செய்யும் வழியை யோசித்த காகிதம் ஒன்றாவது கோப்பில் இருக்கிறதா? சதுப்பை நிரப்பிக் கட்டிய பட்டா நிலத்தில் ஓர் அடியாவது திரும்ப எடுப்பீர்களா, இல்லை மரம் மட்டும்தானா?

முடியாதது எதுவுமில்லை. 2010-ல் இலங்கைப் பாராளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் வந்தது. அதன்பின் கொழும்பு, கால்வாய்களைச் சீரமைத்ததோடு நகரின் சதுப்புகளையும் வெள்ளம் தங்கும் இடமாகக் கணக்கில் எடுத்துத் திட்டம் போட்டது. 2018-ல் ராம்சார் சதுப்பு நகரமாக அங்கீகாரம் பெற்றது. வெள்ளம் நின்றுவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் சதுப்பை உள்கட்டமைப்பு என்று அரசாங்கக் காகிதத்தில் எழுத முடியும் என்று காட்டிவிட்டார்கள். நம் பக்கத்தில், வெள்ளலூர்க் குளத்தில் வாய்க்காலைச் சீர்செய்து, சுத்தம் செய்து, கரையில் காடு வளர்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிய சாதாரண மக்கள். கேரளத்துக் கண்ணூரில் கல்லேன் பொக்குடன் என்ற தலித் பெரியவர் 1989-லிருந்து தன் கையால் கண்டல் நட்டார். அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர், 'என்' என்ற எண்ணைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். வயல் வரப்பையும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளையும் காற்றிலிருந்தும் அலையிலிருந்தும் காக்க என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தண்ணீருக்கு வழி வேண்டும் என்கிறார்கள், சரி. தங்குவதற்கு இடமும் வேண்டும். அந்த இடத்தில் நாம் வீடும் அலுவலகமும் கட்டிக்கொண்டு, மிச்சமிருக்கும் ஒரு முழ இடத்தில் நின்று இத்தனை நாள் நமக்காகத் தாங்கிய மரத்தைப் பார்த்து "நீதான் வழியில் நிற்கிறாய்" என்று சொல்வது பொறியியல் ஆகாது. அடுத்த தடவை பொக்லைன் வரும்போது, யார் வழியில் யார் நிற்கிறார்கள் என்று கேட்க நாலு பேராவது அங்கே இருக்க வேண்டும்.